75,000 ரூபாய்க்குள்ள பேக்ல போட்டு தூக்கிட்டுப் போற மாதிரி சின்ன கேமிங் லேப்டாப் எது வாங்கலாம்?

கேள்வி கேட்ட தம்பி கோயம்புத்தூர்ல ரெண்டாவது வருஷம் படிக்கிறார், ஹாஸ்டல், வாராவாரம் பஸ்ஸுல ஒட்டன்சத்திரம் போய்ட்டு வர்றார். வாலரண்ட்டும் ஜிடிஏ 5-ம் நல்லா ஓடணும், காலேஜ் புராஜெக்ட் பண்ணணும், ஆனா தூக்கி சுமக்க கஷ்டமா இருக்கக் கூடாதுன்னு கேட்டிருக்கார். நான் இந்த விஷயத்துல ரெண்டு லேப்டாப் மாத்தி மூணாவதுல வந்து நிக்கிறவன், அதனால கொஞ்சம் நீளமாவே எழுதறேன்.

எடையிலிருந்து ஆரம்பிக்கிறேன் தம்பி, ஏன்னா எல்லாரும் கிராபிக்ஸ் கார்டை முடிவு பண்ணிட்டு எடையை கடைசில தான் பாப்பாங்க, 2021 கடைசில நானும் அப்படித்தான் வாங்கினேன். ஆர்டிஎக்ஸ் 3050 கிராபிக்ஸ் கார்டு போட்ட 15.6 இன்ச் மெஷின், பாக்ஸ்ல 2.3 கிலோன்னு போட்டிருந்துச்சு, சரி ரெண்டேகால் கிலோ தானேன்னு நினைச்சேன். ஒரு மாசம் தாம்பரத்துலேருந்து பார்க் ஸ்டேஷன் வரைக்கும் காலையில மின்சார ரயில்ல நின்னுக்கிட்டே போய் வந்தப்புறம் வலது தோள்பட்டை பிடிச்சுக்கிச்சு. ஒரு நாள் சாயங்காலம் தெருமுனை மளிகைக்கடையில அண்ணாச்சிகிட்ட கேட்டு பேக்கை அப்படியே தராசுல வெச்சுப் பாத்தேன், 4 கிலோ 150 கிராம் காட்டுச்சு. லேப்டாப்பை எடுத்துட்டு சார்ஜரை மட்டும் வெச்சா, அந்த செங்கல் மாதிரி அடாப்டரும் ஒயரும் சேந்து 700 கிராம் கிட்ட. அடாப்டர் எடையை எந்த விளம்பரத்துலயும் போட மாட்டாங்க, ஆனா கேமிங் லேப்டாப்ல அது இல்லாம வெளிய போகவே முடியாது. அதனால எந்த மாடல் பாத்தாலும் சார்ஜரோட சேத்து எவ்வளவுன்னு கேளுங்க, கடையில டெமோ பீஸ் இருந்தா ரெண்டையும் ஒரே கையில தூக்கிப் பாருங்க.

சார்ஜர் இல்லாம ஏன் முடியாதுன்னா கணக்கு ரொம்ப சிம்பிள். இந்த விலையில வர்ற பல மெஷின்ல பேட்டரி 50, 57 வாட்ஹவர் தான் இருக்கும். கேம் ஓடும்போது மொத்த மெஷினும் 50 வாட் இழுத்தா ஒரு மணி நேரத்துல காலி, அதுவும் பேட்டரியில ஓடும்போது கார்டு தன்னோட பவரை தானே குறைச்சுக்கும், பிரேம், அதாவது ஒரு செகண்டுக்கு திரையில வர்ற படங்களோட எண்ணிக்கை, பாதியா விழும். பஸ்ஸுல ஆடலாம்னு கனவு இருந்தா அதை இப்பவே விட்டுருங்க. சில பெரிய சார்ஜர்ல 16 ஆம்ப் தடி பின் இருக்கும், அது ஹாஸ்டல் ரூம்ல இருக்கிற சாதா 6 ஆம்ப் பாயிண்ட்ல நுழையாது, கன்வர்ட்டர் ஒண்ணு தனியா வாங்கணும், இதையும் வாங்குறதுக்கு முன்னாடி பாத்துக்கங்க.

அடுத்து கார்டு. 3050, 4050ன்னு பேரை மட்டும் பாத்து வாங்கக்கூடாது, அதுக்கு எத்தனை வாட் குடுத்திருக்காங்கன்னு பாக்கணும். லேப்டாப் 4050 கார்டுக்கு அதைப் பண்ற கம்பெனியான என்விடியா குடுத்திருக்கிற அளவே 35 வாட்லேருந்து 115 வாட் வரைக்கும். அதாவது ஒரே ஸ்டிக்கர் ஒட்டின ரெண்டு மெஷின் நடுவுல மூணு மடங்கு பவர் வித்தியாசம் இருக்கலாம். முன்னாடியெல்லாம் குறைஞ்ச பவர் கார்டுக்கு மேக்ஸ்-க்யூன்னு பேர்லயே போட்டிருப்பாங்க, 3050 மாதிரி 30 சீரிஸ் வந்தப்புறம் அந்த அடையாளமும் பேர்லேருந்து போயிடுச்சு. என் பிரெண்டும் நானும் 3050 தான் வெச்சிருந்தோம், கம்பெனி மட்டும் வேற, ஒரே கேம் ஒரே செட்டிங்ல அவனுக்கு 70 பிரேம் வந்தா எனக்கு 50ஐத் தாண்டாது. ரெண்டு பேரும் என்விடியா கண்ட்ரோல் பேனல் திறந்து சிஸ்டம் இன்ஃபர்மேஷன்ல மேக்ஸிமம் கிராபிக்ஸ் பவர்ங்கிற வரியைப் பாத்தோம், அவனுக்கு 75, எனக்கு 50. வித்த கடைக்காரர்கிட்ட போய் கேட்டா ரெண்டும் ஒரே கார்டு தானேன்னார், அவருக்கே அது தெரியல. எனக்கு அன்னிக்கு நிஜமாவே மனசு கஷ்டமா போச்சு, ஏன்னா அது ரெண்டு வருஷ சேமிப்பு.

இப்ப உங்க விஷயத்துக்கு வர்றேன். நீங்க சொன்ன ரெண்டு கேமும் லேசான கேம். ஜிடிஏ 5 பிசிக்கு வந்தது 2015ல, வாலரண்ட் 2020ல, அதுவும் சுமாரான கம்ப்யூட்டர்ல கூட ஓடணும்னே பண்ணின கேம், அதுக்கு கார்டை விட பிராசஸர் தான் முக்கியம். 2025 மார்ச்ல ஜிடிஏ 5க்கு ரே டிரேசிங்கோட (வெளிச்சம், நிழலை நிஜம் மாதிரி காட்டுறது) என்ஹான்ஸ்டு பதிப்பு வந்துச்சு, அது கொஞ்சம் கனம், ஆனா பழைய லெகசி பதிப்பு இன்னும் இருக்கு, கதையை ஆட அதுவே போதும். இந்த ரெண்டுக்காக ரெண்டரை கிலோ மெஷினை ஒட்டன்சத்திரத்துக்கும் கோயம்புத்தூருக்கும் வாராவாரம் சுமக்கத் தேவையே இல்ல. அதனால என்னோட முதல் சிபாரிசு தனி கிராபிக்ஸ் கார்டே இல்லாத ஒரு 14 இன்ச் மெஷின். கேமிங் லேப்டாப் கேட்டா இவன் என்ன இதைச் சொல்றான்னு தோணும், கொஞ்சம் பொறுமையா படிங்க.

ஏஎம்டி ரைசன்ல 7840எச்எஸ், 8840எச்எஸ், 8845எச்எஸ் இந்த மாதிரி பிராசஸருக்கு உள்ளயே ரேடியான் 780எம்னு ஒரு கிராபிக்ஸ் இருக்கு. கையில வெச்சு ஆடுற ஆசுஸ் ஆர்ஓஜி அலை (ROG Ally) மெஷினோட இசட்1 எக்ஸ்ட்ரீம் மாடல்ல இருக்கிறதும் கிட்டத்தட்ட இதே சங்கதி தான். வாலரண்ட் புல் எச்டியில செட்டிங் குறைச்சு வெச்சா 100 பிரேமுக்கு மேல தாராளமா வரும், ஜிடிஏ 5 நடுத்தர செட்டிங்ல நல்லா ஓடும். எடை ஒன்றரை கிலோ பக்கம், சார்ஜர் 65 வாட் டைப் சி, அதே சார்ஜர்ல போனும் போட்டுக்கலாம், பேக்ல ஒரு ஒயர் மிச்சம். ஆனா ரெண்டு விஷயத்துல ஏமாந்துடக் கூடாது. ஒண்ணு ராம். இந்த உள் கிராபிக்ஸுக்கு தனி மெமரி கிடையாது, ராமைத் தான் எடுத்துக்கும், அதனால 8 ஜிபி ஒத்தை ஸ்டிக்கா இருந்தா மெமரி பாதை (டேட்டா போற வழி) பாதியாயிடும், பிரேம் கண்ணு முன்னாடியே விழும். 16 ஜிபி, ரெண்டு ஸ்டிக்கா போட்டது, இல்லன்னா போர்டுலயே ஒட்டின எல்பிடிடிஆர்5 ராம், இதுல ஏதாவது ஒண்ணா இருக்கணும். முன்னாடியெல்லாம் 8 ஜிபி வாங்கிட்டு அப்புறமா ராம் சேத்துக்கலாம்னு நானே நிறைய பேருக்கு சொல்லியிருக்கேன், 2025 கடைசியிலேருந்து ஏஐ டேட்டா சென்டருங்களுக்கு மெமரி போறதால ராம் விலை கன்னாபின்னான்னு ஏறிப்போச்சு, இப்ப அந்த யோசனையை சொல்ல மாட்டேன், வாங்கும்போதே 16 வாங்கிடுங்க.

ரெண்டாவது, பிராசஸர் நம்பர். ரைசன் 7ன்னு ஸ்டிக்கரைப் பாத்து வாங்கினா மாட்டிக்குவீங்க. 7730யு-ன்னு ஒண்ணு இருக்கு, அதுவும் ரைசன் 7 தான், ஆனா உள்ள இருக்கிறது ஜென் 3ங்கிற பழைய தலைமுறை பிராசஸர், வேகாங்கிற பழைய கிராபிக்ஸ். அந்த நாலு இலக்கத்துல மூணாவது இலக்கத்தைப் பாருங்க, 7840ல அது 4, அதாவது ஜென் 4. 7730ல அது 3. நடுவுல 7735எச்எஸ்னு ஒண்ணு வரும், மூணாவது இலக்கம் 3 தான் ஆனா அதுல 680எம் கிராபிக்ஸ் இருக்கு, அது பரவால்ல, விலை குறைவா கிடைச்சா எடுக்கலாம். இன்டெல்ல பாத்தா கோர் அல்ட்ரா 5 125எச் நல்லது, கடைசில எச் இருக்கணும், 125யு-ல கிராபிக்ஸ் பாதி கிட்ட தான்.

இல்ல அண்ணா, எனக்கு தனி கார்டு இருந்தே ஆகணும், நாளைக்கு வேற பெரிய கேமும் ஆடுவேன்னா உங்களுக்கு ரெண்டு வழி. புதுசா 14 இன்ச்ல தனி கார்டோட வேணும்னா 75,000ல ரொம்ப கஷ்டம், சின்ன உடம்புக்குள்ள சூட்டை சமாளிக்க காசு அதிகம் ஆகுது, அதனால அந்த ரகம் விலை மேல தான் நிக்கும். புதுசு தான் வேணும்னா 15.6 இன்ச்ல ரெண்டு கிலோ பக்கம் இருக்கிறதா தேடுங்க. எம்எஸ்ஐ சைபோர்க் 15 இருக்கு, 1.98 கிலோ, ஆனா அதுல 4050க்கு 45 வாட் தான், எடையைக் குறைச்சதுக்கு அது விலை. உங்க கேமுக்கு அந்த 45 வாட் போதும்ங்கிறது என் அபிப்பிராயம், தெரிஞ்சே வாங்கினா வருத்தம் வராது. 3050 எடுத்தா 6 ஜிபி மெமரி இருக்கிறதா பாருங்க, 4 ஜிபி புது கேமுக்கு பத்த மாட்டேங்குது. 2050ன்னு ஒண்ணு விப்பாங்க, மெமரி பாதை ரொம்ப குறுகல், அது வேண்டாம்.

இன்னொரு வழி செகண்ட் ஹேண்ட். முதல் மெஷினை வித்துட்டு 2023ல நான் அதைத்தான் பண்ணேன், 2020 மாடல் ஆசுஸ் ஆர்ஓஜி செபிரஸ் ஜி14, 1660 டிஐ கார்டு, 1.6 கிலோ சொச்சம், 76 வாட்ஹவர் பேட்டரி. ரிச்சி ஸ்ட்ரீட்ல ரெண்டு நாள் அலைஞ்சு பிடிச்சேன். அந்த மெஷின் மேல எனக்கு இன்னிக்கும் பிரியம், டைப் சி சார்ஜர்ல ஆபீஸ் வேலை முழுக்க ஓட்டிட்டு, ரூமுக்கு வந்து பெரிய சார்ஜர் போட்டு ஆடுவேன். ஆனா உங்களுக்கு அதை சொல்லத் தயங்குறேன், காரணம் அந்த 2020 ஜி14ல வெப்கேமே கிடையாது. எனக்கு ஒரு ஆன்லைன் இன்டர்வியூ அன்னிக்கு போனை டம்ளர் மேல சாச்சு வெச்சு கேமராவா கனெக்ட் பண்ண வேண்டியதாப் போச்சு, நடுவுல போன் சரிஞ்சு விழுந்துச்சு. அடுத்த வருஷம் பிளேஸ்மெண்ட் வருது உங்களுக்கு, வெப்கேம் இருக்கிற மாடலா பாருங்க.

செகண்ட் ஹேண்ட் வாங்கப் போனா கடையிலயே உக்காந்து இதை செய்ங்க, வெக்கப்படாதீங்க. கமாண்ட் பிராம்ப்ட் திறந்து powercfg /batteryreport-ன்னு அடிச்சா ஒரு பைல் வரும். அதுல டிசைன் கெபாசிட்டி, புல் சார்ஜ் கெபாசிட்டின்னு ரெண்டு நம்பர் இருக்கும். நான் வாங்கினதுல 76க்கு 61 காட்டுச்சு, அதைக் காட்டியே 3,000 குறைச்சேன். பாதிக்குக் கீழ இருந்தா பேட்டரி மாத்துற செலவை விலையிலேருந்து கழிச்சுக் கேளுங்க. அப்புறம் ஏதாவது ஒரு கேமை கால் மணி நேரம் ஓட விட்டு கீபோர்டுக்கு மேல கை வெச்சுப் பாருங்க, சூடு இருக்கும், ஆனா திடீர்னு பிரேம் விழுந்து எழுந்து விழுந்து எழுந்துன்னு இருந்தா உள்ள சூட்டைக் கடத்துற பேஸ்ட் காஞ்சு போயிருக்கலாம்னு அர்த்தம். கீல் ரெண்டு பக்கமும் திறந்து மூடிப் பாருங்க. ஒரிஜினல் பில் கேளுங்க, பில்லுல இருக்கிற சீரியல் நம்பரும் அடியில ஒட்டியிருக்கிற நம்பரும் ஒண்ணா இருக்கணும், இல்லன்னா எவ்வளவு கம்மியா குடுத்தாலும் எழுந்து வந்துருங்க.

விண்டோஸ் பத்தி ஒண்ணு சொல்லணும். விலை கம்மின்னு டாஸ் மெஷின் (விண்டோஸ் போடாம வர்றது) வாங்கிட்டு கடையில கிராக் விண்டோஸ் போட்டுக்காதீங்க. வாலரண்ட் கூட வர்ற வான்கார்டு (ஏமாத்தி ஆடுறதைத் தடுக்கிற சாஃப்ட்வேர்), விண்டோஸ் 11ல டிபிஎம் 2.0, செக்யூர் பூட்ங்கிற ரெண்டு பாதுகாப்பு செட்டிங்கும் ஆன்ல இருந்தா தான் கேமையே திறக்கும், அதை ஆஃப் பண்ணி போட்டுக் குடுத்துட்டாங்கன்னா கேம் எரர் அடிச்சு நிக்கும். லினக்ஸ்ல வாலரண்ட் ஓடவே ஓடாது.

என்டிஎஸ்சி, எஸ்ஆர்ஜிபி ரெண்டும் திரை எவ்வளவு கலர் காட்டும்ங்கிற அளவு; டிஸ்ப்ளேல 45 சதவீதம் என்டிஎஸ்சின்னு போட்டிருந்தா கலர் வெளிறிப் போய் இருக்கும், கேமுக்கு ஓகே, டிசைன் வேலை பண்றவங்களுக்கு ஆகாது, 100 சதவீதம் எஸ்ஆர்ஜிபி கிடைச்சா கூட 2,000, 3,000 குடுக்கலாம். எஸ்எஸ்டி 512 ஜிபி போதும், ஜிடிஏ மட்டுமே 100 ஜிபி கிட்ட சாப்பிடும், ஆனா இன்னொரு ஸ்லாட் இருக்கான்னு கேட்டு வெச்சுக்கங்க.

காசு விஷயம். நோ காஸ்ட் இஎம்ஐ போடும்போது வட்டியை முன்னாடியே தள்ளுபடியா கழிச்சுக் குடுப்பாங்க, ஆனா அந்த வட்டி மேல 18 சதவீதம் ஜிஎஸ்டியும் பேங்க்கோட பிராசஸிங் கட்டணமும் கார்டு பில்லுல தனியா வரும், அப்பா கார்டுல போடுறதா இருந்தா முன்னாடியே அவர்கிட்ட சொல்லிடுங்க. ஆன்லைன்ல வாங்கினா பார்சல் பிரிக்கிறதை ஒரே வீடியோவா எடுங்க, வந்த அன்னிக்கே கேம் போட்டு ஓட்டுங்க, ரிட்டர்ன் குடுக்கிற நாள் முடியறதுக்குள்ள எல்லா போர்ட்டும் சொருகிப் பாத்துருங்க.

வாங்கினப்புறம் கேம்ல பிரேமை 60லயோ 90லயோ லிமிட் பண்ணி வைங்க, பேன் சத்தம் பாதியா குறையும், ஹாஸ்டல்ல பக்கத்துக் கட்டில்ல தூங்கறவன் நிம்மதியா தூங்குவான். பின்பக்கம் ரெண்டு பாட்டில் மூடியை முட்டுக் குடுத்து லேசா தூக்கி வெச்சா காத்து போகும், மெத்தை மேல மட்டும் வெச்சு ஆடாதீங்க.

நானா இருந்தா 780எம் போட்ட 14 இன்ச், 16 ஜிபி, டைப் சி சார்ஜர், இதை எடுத்துட்டு மிச்சம் இருக்கிற காசுல ஒரு நல்ல மவுஸ் வாங்குவேன். ரெண்டு மூணு மாடல் பாத்து வெச்சிருந்தீங்கன்னா முழு மாடல் நம்பரோட கமெண்ட்ல போடுங்க தம்பி, ராம் எப்படிப் போட்டிருக்கு, கார்டு எத்தனை வாட்னு தேடிப் பாத்து சொல்றேன்.