சான் சால்வடோருக்கு வரும் சைவக்காரருக்கு: புபூசாவை நம்பி வாருங்கள்

தம்பி, அடுத்த மாதம் சான் சால்வடோருக்கு வேலைக்கு வருகிறேன், சுத்த சைவம், வெளியே போனால் எதை நம்பிச் சாப்பிடுவது என்று கேட்டிருந்தீர்கள். புபூசா இருக்கும்போது கவலையே வேண்டாம், உள்ளே பூரணம் வைத்துத் தட்டும் சோள ரொட்டி அது. எல் சால்வடோரின் தேசிய உணவும் அதுதான், 2005இல் அரசே அறிவித்தது, நவம்பர் இரண்டாம் ஞாயிறு அதற்கென்று ஒரு நாளும் உண்டு. எந்தப் பக்கம் போனாலும் ஒரு புபூசெரியா, அதாவது புபூசா கடை, கண்ணில் படும், சாயங்காலமானால் கூட்டம் தாங்காது.

சுண்ணாம்பு சேர்த்து வேகவைத்து அரைத்த மக்காச்சோள மாவு. அதை உருட்டி, கொழுக்கட்டைக்குச் சொப்பு செய்வது போலக் குழித்து, உள்ளே பூரணம் வைத்து மூடி, இரண்டு கையிலும் மாற்றி மாற்றித் தட்டிக் கல்லில் போடுவார்கள். கொஞ்சம் சீஸ் ஓரத்தில் கசிந்து முறுகலாகும் பாருங்கள், எனக்கு அதுதான் முக்கியம்.

இப்போது கவனமாகக் கேளுங்கள். அதிகம் விற்பது ரெவுவெல்தா என்ற கலவை வகை, அதில் சீஸ், பீன்ஸோடு சிச்சரோனும் இருக்கும். இங்கே சிச்சரோன் என்றால் பன்றி இறைச்சியை வறுத்து விழுதாக அரைத்தது, மற்றதோடு கலந்துவிட்டால் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. பீன்ஸையும் பல கடைகளில் பன்றிக் கொழுப்பில்தான் வதக்குவார்கள், அதனால் "யேவான் மந்தேகா லோஸ் ஃப்ரிஹோலேஸ்?" (பீன்ஸில் பன்றிக் கொழுப்பு இருக்கிறதா?) என்று கடைக்குக் கடை கேளுங்கள், யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள். எல்லாம் ஒரே கல்லில்தான் வேகும், அது மனசுக்கு ஒப்பாது என்றால் வெளியே சாப்பிடுவது சிரமம்தான், இப்போதே சொல்லிவிடுகிறேன்.

உங்களுக்கு நான் சொல்வது கேசோ கோன் லோரோகோ, அதாவது சீஸும் லோரோகோவும் வைத்த புபூசா. லோரோகோ ஒரு கொடியின் பூமொட்டு, பச்சை வாசம் தூக்கலாக இருக்கும், சீஸோடு சேரும்போது அவ்வளவு நன்றாக இருக்கும். அயோத்தே என்ற பூசணி வகை போட்டதும் கிடைக்கும்.

மேசையில் ஜாடி நிறைய குர்திதோ வைத்திருப்பார்கள்: முட்டைக்கோஸ், கேரட், வெங்காயம், ஓரிகானோ எல்லாம் வினிகரில் ஊறியது. அள்ளி மேலே போட்டு, தண்ணியான தக்காளி சல்சாவையும் ஊற்றி, கையால் பிய்த்துச் சாப்பிடுங்கள். இங்கே எல்லோருமே கையால்தான் சாப்பிடுகிறார்கள், ஸ்பூன் கேட்க வேண்டாம். சல்சாவில் காரத்தை எதிர்பார்க்காதீர்கள்.

அப்புறம், விமான நிலையத்திலிருந்து நகரத்துக்கு வரும் வழியிலேயே ஒலோகுயில்தா இருக்கிறது, அரிசி மாவு புபூசாவுக்குப் பேர்போன ஊர். டிரைவரிடம் சொல்லி அங்கே நிறுத்துங்கள். "தே அர்ரோஸ்" என்று கேட்டால் அரிசி மாவில் போடுவார்கள், சோள மாவை விட வெளியே மொறுமொறுப்பாக இருக்கும். டாலர்தான் இங்கே பணம், சில்லறை நோட்டாக வைத்துக்கொள்ளுங்கள், சின்னக் கடைகளில் இருபது டாலரை நீட்டினால் மீதி கொடுக்கத் திணறுவார்கள்.