சுவிஸின் தொல்பழங்கால வரைபடம்: நீங்கள் கேட்டவையும் என் பதில்களும்

போன வாரம் ஒரு வரைபடம் பகிர்ந்திருந்தேன்: கி.மு. 3800 வாக்கில் சுவிட்சர்லாந்து, மேற்கே சிவப்பு, கிழக்கே நீலம். சிவப்பு கோர்தயோ பண்பாடு, நீலம் ஃபின் பண்பாடு. அகழாய்வுக் குழுக்களுக்கு வரைபடம் வரைவதுதான் என் வேலை. கேள்விகள் நிறைய வந்துவிட்டன. என் துறைக்குள் வருவதற்கு விரிவாகவே எழுதுகிறேன்.

லூசேர்ன் மாணவர்: அக்கா, கோர்தயோ, ஃபின் என்பவை இரண்டு இனக்குழுக்களா? அவர்களுக்குள் சண்டை நடந்ததா?

தம்பி, இரண்டும் ஊர்ப் பெயர்கள். கோர்தயோ, நூஷாத்தல் ஏரிக்கரையில் உள்ள ஊர். ஃபின், துர்காவ் கன்டோனில் (அதாவது மாநிலத்தில்) இருக்கிறது. ஒரு வகைப் பானை எங்கே முதலில் தெளிவாகக் கிடைத்ததோ, அந்த ஊரின் பெயரைப் பண்பாட்டுக்கு வைத்துவிட்டார்கள். அந்த மக்கள் தங்களை எப்படி அழைத்துக்கொண்டார்கள் என்பதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

கோர்தயோ பானைக்கு அடி உருண்டை, சுவர் மெல்லியது. சில பானைகளில் பூர்ச்ச மரப்பட்டையை முக்கோணமாகவும் பட்டையாகவும் வெட்டி, அதே மரத்திலிருந்து காய்ச்சிய கீலால் ஒட்டியிருப்பார்கள். கறுத்த மண்மேல் வெளிர்ந்த பட்டை. அப்படி ஒன்றைக் கண்ணாடிப் பெட்டி இல்லாமல் பக்கத்தில் வைத்துப் பார்த்திருக்கிறேன். பட்டையின் ஓரங்கள் அவ்வளவு நேராக வெட்டப்பட்டிருந்தன. ஃபின் பானைக்கு அடி தட்டை. வெளிப்புறம் கைநிறையச் சேறு அள்ளிப் பூசியதுபோல் பல பானைகள் சொரசொரப்பாக இருக்கும். செம்பு உருக்கிய சிறு மண் கிண்ணங்களும் ஃபின் ஊர்களில் கிடைக்கின்றன.

ஆக, வரைபடத்தில் நிறம் காட்டுவது பானை செய்யும் வழக்கத்தை. நிறம் இனம் அல்ல, மொழியும் அல்ல. இதை இன்று பலமுறை சொல்ல வேண்டியிருக்கும் என்று நினைக்கிறேன்.

இன்னொன்று. சூரிச் ஏரியின் முகப்பில், முன்பு சிறு மேடாக இருந்த கிளைனர் ஹாஃப்னர் என்ற இடத்தில் அடுக்கடுக்காக ஊர்கள் புதைந்திருக்கின்றன. அடியில் எகோல்ஸ்வில் வகைப் பானை, அதற்கு மேல் கோர்தயோ, அதற்கும் மேல் ஃபின், பிறகு ஹோர்கன். சூரிச்சுக்கு என்ன நிறம் பூசுவது? எந்த ஆண்டுக்கான வரைபடம் என்று சொன்னால்தான் பதில் சொல்ல முடியும். ஆண்டு போடாத பண்பாட்டு வரைபடத்தை யார் அனுப்பினாலும் நம்பாதீர்கள்.

ஃப்ரிபோர்க் வாசகர்: சிவப்புக்கும் நீலத்துக்கும் நடுவே உள்ள கோடுதானே இன்றைய பிரெஞ்சு–ஜெர்மன் மொழி எல்லை?

இல்லை. இன்றைய மொழி எல்லை ரோமர்களுக்குப் பிறகு, அலமன்னியர் என்ற ஜெர்மானிய மக்கள் வந்து குடியேறியபோது மெல்ல உருவானது. நடுவே நாலாயிரம் ஆண்டுக்கு மேல் இடைவெளி. கோர்தயோ பானை இன்றைய ஜெர்மன் பேசும் லூசேர்ன் பக்கமும் கிடைக்கிறது. சூரிச் கதையை மேலேயே சொல்லிவிட்டேன்.

கோவை வாசகர்: பனிமனிதன் ஓட்ஸி எந்த நிறத்தில் வருவார்?

என் வரைபடத்தில் வரமாட்டார். 1991இல் அவர் உடல் பனியில் உறைந்தபடி கிடைத்த இடம், ஆஸ்திரிய எல்லையிலிருந்து சுமார் 93 மீட்டர் உள்ளே, இத்தாலியில்.

பேர்ண் வாசகர்: சுவிஸ் மக்களின் மூதாதையர் கெல்ட்டுகள்தானே? அவர்களை ஏன் போடவில்லை?

இது 3800க்கான வரைபடம், அதனால் போடவில்லை. இரும்புக் கால வரைபடத்தில் இரண்டு பெரிய பெயர்கள் வரும். ஹால்ஸ்டாட், ஆஸ்திரியாவின் உப்புச் சுரங்க ஊர். லா தேன், நூஷாத்தல் ஏரியின் வடகிழக்கு முனை. 1857இல் நீர் வற்றியிருந்தபோது அங்கே இரும்பு வாள்கள் கிடைத்தன. இந்த இரண்டையும் நேராகக் கெல்ட் என்று எழுதிவிடுகிறார்கள். ஆனால் கெல்ட்டிய மொழியின் மிகப் பழைய பொறிப்புகள், கி.மு. 6ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவை, தெற்கே திச்சினோவிலும் வட இத்தாலியிலும் கிடைக்கின்றன. அந்தப் பகுதிக்கு வரைபடத்தில் பெயர் கோலசேக்கா. ஹால்ஸ்டாட்டும் இல்லை, லா தேனும் இல்லை. மொழி ஓரிடத்தில், நிறம் வேறிடத்தில். இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு எனக்குத் தெரியாது.

சென்னை, மென்பொருள் பணியாளர்: பழைய அறிக்கைகளிலிருந்து இடங்களை எடுத்துக் கணினியில் வரைபடம் போடுகிறேன். எல்லாப் புள்ளிகளும் கடலில் போய் விழுகின்றன.

பழைய சுவிஸ் அறிக்கைகளில் ஆயத்தொலைவு ஆறு இலக்கம். பேர்ண் நகரம் அதில் 600000, 200000. இன்றைய முறையில் ஏழு இலக்கம்: 2600000, 1200000. முதல் எண்ணோடு இருபது லட்சம், இரண்டாவதோடு பத்து லட்சம் கூட்டுங்கள். பெரும் பிழை அதோடு போய்விடும்.

காலத்திலும் இதே கவனம் வேண்டும். பழைய நூல்களில் கரிமக் கணிப்பைத் திருத்தாமல் அப்படியே கி.மு. ஆக்கியிருப்பார்கள். இந்தக் கணிப்பில் ஆண்டுகளை 1950இலிருந்து பின்னோக்கி எண்ணுவார்கள், அதனால் '5000 ஆண்டுகளுக்கு முன்' என்பதை நேராகக் கழித்தால் கி.மு. 3050 வரும். திருத்தினால் ஏறக்குறைய 3800. இரண்டையும் ஒரே அட்டவணையில் கலந்தால் பாட்டியும் பேத்தியும் ஒரே வயதாகிவிடுவார்கள்.

சூரிச்சிலிருந்து ஒரு தாய்: மகளுக்குப் பத்து வயது. பள்ளியில் ஏரித் தண்ணீர்மேல் கம்பம் நட்டு வீடு கட்டியதுபோல் மாதிரி செய்கிறாள். அது சரிதானா?

இந்தக் கேள்விக்காகத்தான் காத்திருந்தேன். 1853–54 குளிர்காலத்தில் சூரிச் ஏரி மிகவும் வற்றியது. ஓபர்மைலனில் கரையை நிரப்ப மண் வெட்டியவர்கள் சேற்றில் வரிசையாகக் கம்பங்களைக் கண்டார்கள். உள்ளூர் ஆசிரியர் தகவல் அனுப்ப, ஃபெர்டினாண்ட் கெல்லர் வந்து பார்த்தார். நியூ கினியில் நீர்மேல் நின்ற வீடுகளின் படம் அவர் மனதில் இருந்தது. ஏரிக்குள் மேடை கட்டி, அதன்மேல் முழு ஊர் என்று 1854இல் எழுதினார். நூறு ஆண்டு எல்லாரும் அப்படியே வரைந்தார்கள். 1950களில் எமில் ஃபோக்ட் அதை மறுத்தார்: வீடுகள் கரையில், தரையிலேயே இருந்தன, பிறகுதான் நீர் ஏறி மூடியது என்றார்.

பாசல் பொறியாளர்: தரையில் வீடு என்றால் இத்தனை நீளக் கம்பம் எதற்கு? கெல்லர் சொன்னதுதான் தர்க்கப்படி சரி.

அந்தத் தரை எப்படிப்பட்டது என்று பார்க்க வேண்டும் ஐயா. ஏரிச் சுண்ணாம்புச் சேறு, கால் வைத்தால் முழங்கால் வரை போகும். நீளக் கம்பம் இல்லாவிட்டால் கூரை ஒரு பக்கம் சாய்ந்துவிடும். சில இடங்களில் கம்பத்தின் அடியில் துளையிட்ட பலகையைச் செருப்புபோல் மாட்டியிருக்கிறார்கள், புதையாமல் இருக்க.

பாசல் பொறியாளர்: கொன்ஸ்தான்ஸ் ஏரியில் ஊண்டர்ஊல்டிங்கன் அருங்காட்சியகத்தில் வீடுகள் நீர்மேல்தானே நிற்கின்றன?

அங்கே முதல் வீடுகளைக் கட்டியது 1922இல், கெல்லரின் படம் எல்லார் மனதிலும் இருந்த காலம்.

வின்டர்தூர் வாசகி: அப்படியானால் கெல்லர் சொன்னது முழுக்கத் தவறா?

முழுக்க இல்லை. இத்தாலியில் த்ரெந்தினோ பக்கம் ஃபியாவே என்ற இடத்தில் உண்மையிலேயே நீருக்குள் கம்பம் நட்டு வீடு கட்டியிருக்கிறார்கள். கொன்ஸ்தான்ஸ் ஏரிக்கரை ஆர்போனில் தரைக்கு மேல் உயர்த்திய வீடுகள். வேறு இடங்களில் தரையோடு தரை. ஆல்ப்ஸ் ஏரிகளில் கோடைத் தொடக்கத்தில் பனி உருகி நீர் ஏறும், குளிர்காலத்தில் இறங்கும். ஒரே வீட்டுக்குக் கீழே ஜூனில் தண்ணீரும் ஜனவரியில் சேறும் இருந்திருக்கும். இரண்டு அறிஞர்களும் எல்லா ஏரிக்கும் ஒரே விதி வைத்ததுதான் சிக்கல்.

அந்தத் தாய்க்கு: மகள் செய்ததைக் கலைக்க வேண்டாம். நீலத் தாளைப் பாதி எடுத்துவிட்டு, அந்த இடத்தில் களிமண் பூசச் சொல்லுங்கள்.

ஓல்டன் மாணவி: மரபணு ஆய்வு வந்தபிறகு பானையை வைத்து இன்னும் ஏன் பேச வேண்டும்?

நல்ல கேள்வி தங்கச்சி. 2020இல் சுவிஸ், தென் ஜெர்மனி, அல்சாஸ் பகுதிகளைச் சேர்ந்த 96 பேரின் மரபணுவைப் படித்தார்கள். கி.மு. 2800 வாக்கில், கயிறு அழுத்திய பானைகள் பரவும் காலத்தில், கிழக்கு ஐரோப்பியப் புல்வெளி மக்களின் வம்சாவளி இங்கே வருகிறது. அங்கே நிறம் மாறியபோது ஆட்களும் வந்திருக்கிறார்கள், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அந்த வம்சாவளி துளியும் இல்லாத பெண்கள் ஏறக்குறைய ஆயிரம் ஆண்டு கழித்தும் இங்கே வாழ்ந்திருக்கிறார்கள். அவர்களை எந்த நிறத்திலும் பார்க்க முடியாது. ஃபின்னிலிருந்து ஹோர்கனுக்கு மாறியது வேறு மாதிரி. ஆர்போனில் ஒரே ஊரின் பானைகளில் அந்த மாற்றம் படிப்படியாகத் தெரிகிறது.

தூன் வாசகர்: மலைப்பகுதி முழுக்க வெள்ளையாக விட்டிருக்கிறீர்கள். அங்கே ஆள் வாழவில்லையா?

வெள்ளை என்றால் ஆள் இல்லை என்று பொருளே இல்லை. ஏரிச் சேறு மரத்தைக் காக்கும், அதனால் ஏரிக்கரையில் புள்ளிகள் குவியும். நெடுஞ்சாலை போட்ட இடத்தில் தோண்டினார்கள், அதனால் சாலையோரம் குவியும். நூஷாத்தல் பக்கத்துப் பனிக்கால வேட்டையர் முகாம்கள் ஏ5 சாலை வேலையில்தான் வெளிவந்தன. 1868இல் தொடங்கிய ஜூரா நீர்த் திருத்தம் என்ற திட்டம் மூன்று ஏரிகளின் நீர்மட்டத்தைச் சுமார் இரண்டரை மீட்டர் இறக்கியது, கரை வெளிப்பட்டு அங்கேயும் புள்ளிகள் குவிந்தன.

உங்கள் பக்கத்து ஆல்ப்ஸ் மலையிலேயே ஒரு சான்று உண்டு. 2003 கோடை வெப்பத்தில் பனி உருகி, 2756 மீட்டர் உயரத்து ஷ்னிடெயோக் கணவாயில் நடைபயணிகள் பூர்ச்சப் பட்டைத் துண்டு ஒன்றைக் கண்டார்கள். அது வில் வைக்கும் உறையின் பகுதி, ஏறக்குறைய கி.மு. 2800. வில், அம்பு, தோல் ஆடை எல்லாம் பிறகு வந்தன. அதற்கு முந்தைய ஆண்டு வரை அந்த இடமும் வெள்ளைதான்.

பீல் வாசகர்: எங்கள் கெல்ட் மூதாதையரை ஏன் விட்டுவிட்டீர்கள்?

பேர்ண் வாசகருக்கு எழுதியதைப் படியுங்கள்.

ஆராவ் வாசகர்: சிவப்பு மக்கள் என்ன மொழி பேசினார்கள்?

நிறம் மொழி அல்ல. பானைக்கு அடி உருண்டையா தட்டையா என்பது மட்டுமே அந்தச் சிவப்பு.

சொலத்தூர்ன் வாசகர்: உலோகக் கருவி வாங்கியிருக்கிறேன். உங்கள் புள்ளிகளின் சரியான இடத்தைத் தந்தால் வார இறுதியில் போய்ப் பார்ப்பேன்.

தரமாட்டேன். கன்டோனின் அனுமதி இல்லாமல் அந்தக் கருவியோடு தேடக் கூடாது. குடியியல் சட்டம் 724ஆம் பிரிவின்படி, இப்படிக் கிடைக்கும் தொல்பொருள் எந்தக் கன்டோனில் கிடைத்ததோ அதற்கே சொந்தம். அதைவிட முக்கியம், மண்ணிலிருந்து பிடுங்கிய வாள் எந்த அடுக்கில் இருந்தது என்பது அந்த நொடியே அழிந்துவிடும். உண்மையான ஆர்வம் இருந்தால் உங்கள் கன்டோன் தொல்லியல் துறைக்கு எழுதுங்கள். தன்னார்வலர்களுக்கு வேலை இருக்கிறது.

சூரிச் தாய், மறுபடி: மகள் கேட்கச் சொல்கிறாள்: ஆர்போன் ஊர் எத்தனை வருடம் இருந்தது, அது எப்படித் தெரியும்?

அவளுக்கே எழுதுகிறேன். கண்ணே, மரத்தை வெட்டிப் பார்த்தால் வருடத்துக்கு ஒரு வளையம் இருக்கும். மழை நன்றாகப் பெய்த வருடம் அகலம், வறண்ட வருடம் ஒடுக்கம். அந்த வரிசை கைரேகை மாதிரி, ஆயிரம் ஆயிரம் வருடங்களுக்குப் பின்னோக்கிக் கோத்து வைத்திருக்கிறார்கள். கம்பத்தின் வெளிப்பட்டை அப்படியே இருந்தால், கடைசி வளையம்தான் மரம் வெட்டிய வருடம். நான் பார்த்த கம்பம் நனைந்த சோப்புபோல் விரல்பட்டாலே குழிந்தது, ஆனால் பட்டை ஒட்டிக்கொண்டே இருந்தது. ஆர்போனில் முதல் வீட்டுக்கு மரம் வெட்டியது கி.மு. 3384. கடைசி மரம் 3370. அதன் பிறகு ஊர் எரிந்துபோனது. ஏறக்குறைய பதினைந்து வருடம். முதல் வீடு கட்டிய வருடம் பிறந்த குழந்தைக்கு, ஊர் எரிந்தபோது உன்னைவிட நாலைந்து வயதுதான் கூட.