பாதியில் நின்ற வால்வு: எந்த போல்ட்டை முதலில் தொடுவது?

கேள்வி: ஆத்தூருக்கு அருகே உள்ள ஸ்டார்ச் ஆலை ஒன்றில் பராமரிப்புப் பிரிவில் பணியாற்றுகிறேன். உலர்த்திக்குச் செல்லும் 7 கிலோ அழுத்த நீராவிக் குழாயில் காற்றால் இயங்கும் பால் வால்வு (ball valve, துளையுள்ள பந்தைத் திருப்பித் திறந்து மூடும் வகை) ஒன்று உள்ளது. காற்று நின்றால் ஸ்ப்ரிங் அதை மூடிவிட வேண்டும். இரண்டு நாட்களாக அது முழுவதும் மூடாமல் பாதியிலேயே நிற்கிறது. கிழங்கு வரத்து அதிகம் என்பதால் பாய்லரை நிறுத்த முதலாளிக்கு மனமில்லை. மேலே உள்ள ஆக்சுவேட்டரை (வால்வைத் திருப்பும் காற்றுச் சிலிண்டர் பகுதியை) மட்டும் கழற்றி, ஸ்பேனர் போட்டுக் கையால் திருப்பலாமா?

பதில்: கழற்ற வேண்டாம். வால்வு முழுதாக மூடி நின்றிருந்தால் என் பதில் சற்று வேறாக இருந்திருக்கும். மூடாமல் பாதியில் நிற்பதுதான் இதில் ஆபத்து.

காரணத்தை விளக்குகிறேன். 100 மி.மீ. விட்டமுள்ள ஒரு பிஸ்டனின் மீது 6 பார் காற்று செலுத்தும் விசை ஏறத்தாழ 480 கிலோ. ஆக்சுவேட்டருக்குள் இருக்கும் ஸ்ப்ரிங்குகள் அந்த விசையால் அமுக்கப்பட்டு, காற்று நின்றவுடன் வால்வைத் திருப்பும் அளவுக்கு வலிமை உடையவை. வால்வு கடைசி வரை மூடிவிட்டால், ஸ்ப்ரிங்கில் மிச்சமிருக்கும் விசையை ஆக்சுவேட்டருக்குள் உள்ள நிறுத்தமே தாங்கிக்கொள்ளும். பந்தைத் திருப்பும் தண்டுக்கு அது போய்ச் சேராது. பந்து பாதியில் இறுகியிருந்தாலோ, அந்த முறுக்கு முழுவதும் தண்டின் மீதும் ஆக்சுவேட்டரைப் பிடித்திருக்கும் நான்கு போல்ட்டுகளின் மீதும் நிற்கிறது. கடைசி போல்ட்டைத் தளர்த்தும் நொடியில், தண்டு திரும்பாததால் ஆக்சுவேட்டரின் உடம்பே சுழலும். அப்போது ஸ்பேனர் பிடித்திருக்கும் கை அதற்கும் குழாய்க்கும் நடுவில்தான் இருக்கும்.

ஆகவே பந்து உண்மையிலேயே இறுகியிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். உங்கள் ஆலை போன்ற இடங்களில் எனக்கு முதல் சந்தேகம், ஆக்சுவேட்டருக்குக் காற்றை விடவும் வெளியேற்றவும் செய்யும் சிறு மின் வால்வான சோலினாய்டின் காற்று வெளியேறும் சைலன்சர் மீதுதான். ஈரமாவுத் தூசியும் கம்ப்ரசர் எண்ணெயும் சேர்ந்து அதைப் பசைபோல் அடைத்துவிட்டால், சிலிண்டரில் உள்ள காற்று வெளியே போக வழியின்றி ஸ்ப்ரிங்கை எதிர்த்து நிற்கும். கருப்பூர்ப் பக்கம் ஒரு சூளையில் வெள்ளைக்கல் (மேக்னசைட்) தூசி இதே வேலையைச் செய்ததை நான் பார்த்திருக்கிறேன். அங்கே புது வால்வு வாங்கிய பிறகுதான் சைலன்சரை ஒருவர் கழற்றிப் பார்த்தார். காற்று இணைப்பை மூடி, சோலினாய்டுக்கான மின்சாரத்தையும் துண்டித்துவிட்டு, பக்கவாட்டில் நின்றபடி சைலன்சரை மெதுவாகத் தளர்த்துங்கள். காற்று சீறிக்கொண்டு வந்து வால்வு மூடிக்கொண்டால் சைலன்சரை மாற்றுவதோடு வேலை முடிந்தது. அந்த வால்வு சட்டென்று மூடும் என்பதால், வால்வின் நிலையைக் காட்டும் சுட்டியின் அருகிலும், ஆக்சுவேட்டரை வால்வோடு இணைக்கும் தாங்கியின் இடுக்கிலும் யாருடைய விரலும் இருக்கக் கூடாது.

காற்று முழுவதும் வெளியேறிய பின்னும் வால்வு அசையவில்லையென்றால் பந்து இறுகியிருக்கிறது என்றே கொள்ளுங்கள். அப்போது பாய்லரை நிறுத்தியோ, ஹெட்டரிலிருந்து (நீராவியைப் பிரித்துவிடும் தலைக்குழாயிலிருந்து) இந்தக் கிளைக்கு வரும் நீராவியை அடைத்தோதான் வேலையைத் தொடங்க வேண்டும். இயன்றால் இரண்டு வால்வுகளை மூடி, அவற்றின் நடுவிலுள்ள ட்ரெயினை (வடிகுழாயை) திறந்து வையுங்கள். மூடிய ஒவ்வொன்றிலும் பூட்டுப் போட்டு, சாவியை வேலை செய்பவர் தம் சட்டைப்பையிலேயே வைத்திருக்கட்டும். ஷிஃப்ட் அலுவலகச் சுவரில் மாட்டிவைத்த சாவிக்கு அர்த்தமில்லை. 7 கிலோ அழுத்தத்தில் நீராவியின் வெப்பம் ஏறத்தாழ 170 டிகிரி செல்சியஸ். குழாயின் தாழ்ந்த இடத்தில் தேங்கிய தண்ணீரும் அதே சூட்டில் இருக்கும். திறந்தவுடன் அதில் ஒரு பகுதி நீராவியாகப் பொங்கும். கேஜ் பூஜ்ஜியம் காட்டினால் மட்டும் போதாது; கேஜுக்குச் செல்லும் சிறு குழாய் அடைத்திருந்தாலும் அது பூஜ்ஜியத்தைத்தான் காட்டும். ட்ரெயினில் எதுவும் வரவில்லை, குழாயும் ஆறிவிட்டது என்று இரண்டையும் சேர்த்தே நம்புங்கள்.

காற்றுக் குழாயிலும் ஒரு கவனம் தேவை. சாதாரண வால்வை மூடினால் கம்ப்ரசர் பக்கம்தான் அடைபடும்; ஆக்சுவேட்டர் பக்கக் காற்று உள்ளேயே சிறைப்பட்டிருக்கும். மூடும்போதே அந்தப் பக்கத்துக் காற்றை வெளியேற்றும், பூட்டுப் போடக்கூடிய வால்வு ஒன்றை ஒவ்வொரு ஆக்சுவேட்டருக்கும் முன்னால் பொருத்துவது பெரிய செலவல்ல.

அடுத்து, உங்கள் கேள்விக்குள் ஒளிந்திருக்கும் இன்னொரு ஆபத்து. வால்வின் தலையில் தெரியும் போல்ட்டுகள் எல்லாம் ஆக்சுவேட்டரைப் பிடிப்பவை அல்ல. சில ஆக்சுவேட்டரையும் தாங்கியையும் பிடிப்பவை. சில கிளாண்டை (தண்டைச் சுற்றிக் கசிவைத் தடுக்கும் அடைப்பை) அழுத்துபவை. சில வால்வின் மூடியையே பிடித்து உள்ளிருக்கும் அழுத்தத்தைத் தாங்குபவை. சில வடிவமைப்புகளில் தாங்கியும் மூடியும் ஒரே போல்ட்டில் நிற்கும். 2016 நவம்பர் 22 அன்று அமெரிக்காவின் பேட்டன் ரூஜ் சுத்திகரிப்பு ஆலையில், கியர்பாக்ஸைக் கழற்றுவதற்காக எடுத்த போல்ட்டுகள் வால்வு மூடியைப் பிடித்திருந்தவை. ஐசோபியூட்டேன் வெளியேறித் தீப்பிடித்து நால்வர் கடுமையாகக் காயமுற்றனர். 2021 ஜூலை 27 அன்று டெக்சாஸில் லா போர்ட் நகர வேதி ஆலையில் ஆக்சுவேட்டரைக் கழற்றும்போது இதே பிழை நேர்ந்தது. அசெட்டிக் அமிலம் பீறிட்டு ஒப்பந்தத் தொழிலாளர் இருவர் உயிரிழந்தனர். இரண்டு விபத்துகளையும் அந்நாட்டு வேதிப் பாதுகாப்பு விசாரணை வாரியம் ஆராய்ந்து அறிக்கை வெளியிட்டிருக்கிறது. வால்வின் வரைபடத்தைக் கையில் வைத்துக்கொண்டு, எடுக்கக்கூடிய போல்ட்டுகளுக்கு மட்டும் வண்ணம் பூசிய பிறகே ஸ்பேனரை எடுங்கள்.

உங்கள் வால்வை ஆக்சுவேட்டரோடு ஒரே பொருளாகக் குழாயிலிருந்து இறக்குவதே சரி. ஆக்சுவேட்டரின் எடையால் அது ஒருபக்கம் சாயும் என்பதால் முதலில் செயின் பிளாக்கில் தாங்கிக்கொள்ளுங்கள். பிளாஞ்சில் (வால்வும் குழாயும் சேரும் விளிம்புத் தட்டில்) உங்களுக்கு எதிர்ப்பக்கத்து நட்டுகளை முதலில் தளர்த்தி, நடுவிலுள்ள கேஸ்கட் விட்டுக்கொடுத்து மிச்ச நீர் அந்தப் பக்கம் வடியும் வரை எந்த போல்ட்டையும் முழுவதும் உருவாதீர்கள். இறக்கிய பின் வால்வின் துளைக்குள் கை விடவே கூடாது. ஸ்ப்ரிங் இன்னும் காத்துக்கொண்டிருக்கிறது, பந்து விடுபட்டால் கத்தரிக்கோல் போல மூடும். பட்டறையில் அதை அசையாமல் இறுக்கி, ரெகுலேட்டர் வழியாகக் காற்றைச் சிறிது சிறிதாக ஏற்றித் திறக்கும் பக்கம் திருப்பிப் பாருங்கள். அதற்கும் அசையாவிட்டால் தயாரிப்பாளரின் சர்வீஸுக்கு அப்படியே அனுப்பிவிடுங்கள். பக்க மூடிகளைக் கழற்றி ஸ்ப்ரிங்கை எடுக்கும் வேலையைக் கையேடு இல்லாமல் செய்யாதீர்கள். பல சிறிய ஆக்சுவேட்டர்களில் மூடி போல்ட்டுகள் ஸ்ப்ரிங் தளரும் வரை பிடித்திருக்கும்படி நீளமாக இருக்கும்; எல்லாவற்றிலும் அப்படியில்லை. தனி உருளைக்குள் ஸ்ப்ரிங் அடைத்த பெரிய ரகங்களை ஆலையில் திறக்கவே கூடாது.

பந்து இறுகியதற்குப் பெரும்பாலும் கிளாண்டை அளவுக்கு மீறி முறுக்கியதோ, நீராவிச் சூட்டுக்கு ஏற்காத மென்மையான இருக்கை வளையமோ காரணமாக இருக்கும். புது வால்வு வாங்கினால், 3.5 கிலோவுக்கு மேற்பட்ட நீராவிக் குழாய் என்பதால் ஐ.பி.ஆர். (இந்திய பாய்லர் விதிமுறைகள்) படிவம் 3-சி சான்று கேட்டு வாங்குங்கள். பொருத்திய பின், நீராவி விடுவதற்கு முன்பே காற்றை மட்டும் கொடுத்து வால்வைச் சில முறை திறந்து மூடிப் பாருங்கள். பிறகு ட்ரெயினைத் திறந்து வைத்து, ஹெட்டர் வால்வைச் சிறிதளவே திறந்து குழாயைச் சூடேற்றுங்கள். காற்றால் இயங்கும் பால் வால்வு ஒரு நொடியில் திறந்துவிடும், குளிர்ந்த குழாயில் அப்படித் திறந்தால் தேங்கிய நீர் சம்மட்டி போல அடித்து நீங்கள் புதிதாகப் போட்ட கேஸ்கட்டையே கிழித்துவிடும்.