இதய நோயுள்ள பூனை தூங்கும்போது மூச்சை எண்ணச் சொல்வது ஏன்?

அயர்ந்து தூங்கும் பூனை நிமிடத்துக்கு எத்தனை தடவை மூச்சு விடுகிறது என்பதே தூக்க மூச்சு எண்ணிக்கை. பூனைகளுக்கு அதிகம் வருவது இதயத் தசை தடிக்கும் நோய். தடித்த அறை சரியாக விரியாததால் இரத்தம் பின்னால் தேங்கி, நுரையீரலுக்குள் நீர் கசியும்; அப்போது மூச்சு வேகமாகும், அதைத்தான் இந்த எண்ணிக்கை காட்டிக்கொடுக்கும். பீலிக் குழாய் அடைத்தால் மேல் வாய்க்கால் நிரம்பி வழிவது போலத்தான்.

விலா ஒருமுறை ஏறி இறங்கினால் ஒன்று. 30 வினாடி எண்ணி இரண்டால் பெருக்குங்கள். நுவரெலியாக் குளிரில் கம்பளிக்குள் சுருண்டிருந்தால், விலாப் பக்கத்தை மட்டும் மெல்ல விலக்கிப் பாருங்கள். நிமிடத்துக்கு 30க்குள் இருப்பது நல்லது. தாண்டினால் சற்றுப் பொறுத்து மறுபடி எண்ணி, குறையாவிட்டால் மருத்துவரை அழையுங்கள். வாய் திறந்து மூச்சு வாங்கினாலோ, பின்னங்கால் திடீரென்று செயலிழந்து சில்லிட்டாலோ விடியும்வரை காத்திருக்கவே வேண்டாம். பேராதனைப் பல்கலைக்கழகக் கால்நடை மருத்துவமனைக்கு மலைப்பாதையில் நேரமெடுக்கும். முதலில் பக்கத்து மருத்துவரிடம் ஓடுங்கள்.

தேங்கிய நீரைச் சிறுநீராக இறக்க மருத்துவர் தரும் மாத்திரையால் அதிகம் சிறுநீர் போகிறதென்று குடிதண்ணீரைக் குறைப்பது தவறு, அது சிறுநீரகத்தைக் கெடுக்கும்.