நூலகத்தில் வேலை கிடைக்குமா? அமெரிக்கா போகும் மாணவர்களின் கேள்விகள்

ஜூன், ஜூலை வந்தால் எனக்கு வரும் கடிதங்களில் பாதி இதைப் பற்றித்தான். நான் அமெரிக்கப் பல்கலைக்கழக நூலகம் ஒன்றில் மாணவப் பணியாளர்களைப் பார்த்துக்கொள்பவள். அதற்கு முன் நானே மாணவர்களுக்கான எஃப்-1 விசாவில் வந்து அதே மேசையில் ஷிஃப்ட் பார்த்திருக்கிறேன். இந்த முறை வந்ததில் அடிக்கடி எழும் சில கேள்விகளை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

அக்கா, நூலக வேலைக்கு இதுவரை பதினைந்து விண்ணப்பம் போட்டுவிட்டேன். ஒரு பதில்கூட இல்லை. ரெஸ்யூமேயில் ஏதாவது தப்பா? (திருச்சி, ஆகஸ்டில் கிளம்புகிறவர்)

ரெஸ்யூமேயைத் திட்டாதீர்கள் தம்பி. முதலில் அந்தப் பதினைந்து அறிவிப்புகளையும் திரும்பப் படியுங்கள். ‘வொர்க் ஸ்டடி’ தகுதி கட்டாயம் என்று போட்டிருந்தால் அந்த வேலை உங்களுக்கு இல்லை. அந்தச் சம்பளத்தில் பெரும்பங்கை அமெரிக்க அரசு கொடுக்கிறது. விசாவில் வரும் மாணவர்களுக்கு அது பொருந்தாது. நூலகங்கள் முதலில் அந்தப் பட்டியலிலிருந்துதான் ஆள் எடுக்கப் பார்க்கும், செலவு குறைவு என்பதால். அந்த நிபந்தனை இல்லாத அறிவிப்புகளாகத் தேடுங்கள்.

அப்புறம், நாங்கள் ஆள் எடுப்பது முக்கால்வாசி நேரத்தைப் பார்த்துத்தான். செவ்வாய் காலை பத்து மணிக்கு வர நூறு பேர் தயார். வெள்ளி மாலையும் ஞாயிறு காலையும் இரவு பன்னிரண்டு வரையும் இருக்க ஆள் கிடைப்பதில்லை. ‘செவ்வாய், வியாழன் இரவு 8 முதல் 12 வரை, ஞாயிறு முழு நாள்’ என்று விண்ணப்பத்தின் மேலேயே எழுதுங்கள். உங்கள் மெஷின் லேர்னிங் புராஜெக்டை நான் படிக்கப்போவதில்லை. அப்பாவின் மளிகைக் கடையில் இரண்டு வருஷம் கல்லாவில் உட்கார்ந்திருந்தால் அதை எழுதுங்கள், அதைப் படிப்பேன். காலியிடம் பெரும்பாலும் மேயிலும் டிசம்பரிலும் பழைய மாணவர்கள் பட்டம் வாங்கிப் போகும்போது உண்டாகிறது. ஆகவே ஆகஸ்ட் நடுவிலும் ஜனவரி முதல் வாரத்திலும் மறுபடி பாருங்கள். பெரிய நூலகத்தை மட்டும் சுற்றிக்கொண்டிருக்காமல் சட்டம், இசை, பொறியியல் என்று துறைக்கொன்றாக இருக்கும் சின்ன நூலகங்களிலும் கேளுங்கள்.

என் மகன் ‘லைப்ரரியில் வேலை பார்த்து ஃபீஸைக் கட்டிவிடுவேன், லோன் கம்மியாக வாங்கினால் போதும்’ என்கிறான். நம்பலாமா? (ஈரோடு, ஒரு தாய்)

நம்பாதீர்கள் அம்மா. பையன் பொய் சொல்லவில்லை, கணக்குப் போடவில்லை, அவ்வளவுதான். மணிக்கு 12 டாலர், வாரத்துக்கு 15 மணி நேரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். வாரம் 180 டாலர். பதினைந்து வாரம் ஒரு செமஸ்டர், ஆக 2,700 டாலர், அதுவும் வரிக்கு முன். மளிகையும் கைபேசிக் கட்டணமும் வாடகையில் ஒரு பகுதியும் அதில் ஓடும். ஃபீஸ் பக்கமே போகாது.

மணிக்கூலி ஊருக்கு ஊர் மாறும். அமெரிக்க அரசின் குறைந்தபட்சக் கூலி 2009இலிருந்து 7.25 டாலரில் அப்படியே நிற்கிறது. டெக்சாஸில் மாநிலச் சட்டப்படியும் அதுதான். கலிஃபோர்னியா, வாஷிங்டன் போன்ற மாநிலங்களில் 16 டாலருக்கு மேல். ஆனால் அங்கே வாடகையும் அதற்கேற்ற மாதிரி இருக்கும். இன்னொன்று, விசா நேர்காணலில் முதல் வருஷச் செலவுக்குப் பணம் கையில் இருக்கிறதா என்றுதான் பார்ப்பார்கள். ‘அங்கே போய் வேலை பார்த்துக் கட்டுவேன்’ என்று அவன் வாய் தவறிச் சொன்னால் காரியம் கெட்டுவிடும். லோனை முழுசாகவே வாங்கிவிடுங்கள்.

நூலகத்தில் 12 மணி நேரம், மெஸ்ஸில் 10 மணி நேரம் கிடைத்திருக்கிறது. இரண்டும் வளாகத்துக்குள்தான். பார்க்கலாமா? வெளியே ஒரு ஹோட்டலில் கையில் காசு தருகிறேன் என்றும் கூப்பிடுகிறார்கள். (பெயர் வேண்டாம் என்றவர்)

பாடம் நடக்கும் நாட்களில் வாரத்துக்கு 20 மணி நேரம்தான். அது ஒரு வேலைக்கு இருபது அல்ல, எல்லா வேலையும் சேர்த்து இருபது. உங்கள் கணக்கு 22. மெஸ்ஸில் இரண்டு மணி நேரத்தைக் குறைக்கச் சொல்லுங்கள். இந்த வாரம் 18, அடுத்த வாரம் 22, சராசரி 20 என்றெல்லாம் சமாளிக்க முடியாது, ஒவ்வொரு வாரமும் தனித்தனியாகப் பார்ப்பார்கள். துறையில் 20 மணி நேர டீச்சிங் அசிஸ்டென்ட்ஷிப் (பேராசிரியருக்குப் பாடம் நடத்த உதவும் சம்பள வேலை) வாங்கியிருப்பவர் நூலகத்தில் ஒரு மணி நேரம்கூடப் பார்க்க முடியாது. விடுமுறையில், அடுத்த செமஸ்டர் தொடர்ந்து படிக்கப்போகிறீர்கள் என்றால், முழு நேரமும் பார்க்கலாம்.

வளாகத்துக்குள் என்றால் என்ன என்பதிலும் குழப்பம் உண்டு. நூலகத்தின் தரைத்தளத்தில் இருக்கும் காபிக் கடையை வெளிக் கம்பெனி நடத்தினாலும், அது மாணவர்களுக்குச் சேவை செய்யும் கடை என்பதால் அங்கே வேலை பார்க்கலாம். அதே கட்டடத்துக்குப் பக்கத்தில் புது பிளாக் கட்டும் கான்டிராக்டரிடம் முடியாது.

ஹோட்டல் விஷயத்துக்கு வருவோம். கையில் காசு வாங்கினால் யாருக்குத் தெரியும் என்று கேட்கிறீர்கள், எனக்குப் புரிகிறது. அனுமதியில்லாமல் வெளியே வேலை பார்த்தால் உங்கள் மாணவர் தகுதியே போய்விடும். பின்னால் ஓ.பி.டி. (படிப்பை ஒட்டி வேலை பார்க்கும் அனுமதி), ஹெச்-1பி (வேலை விசா) என்று ஒவ்வொரு படியிலும் அது வந்து நிற்கும். சம்பளம் தராமல் ஏமாற்றினாலும் போய்ப் புகார் கொடுக்கப் பயப்படுவீர்கள். கூப்பிடுகிறவருக்கும் இது தெரியும். போகாதீர்கள்.

முதல் நாள் என்ன வேலை கொடுப்பார்கள்? புத்தகம் அடுக்குவதுதானே, அதற்கு எதற்குப் பயிற்சி? (சேலம்)

அந்த ‘தானே’ எனக்கும் இருந்தது. கேளுங்கள்.

இங்கே பெரும்பாலான பல்கலைக்கழக நூலகங்களில் நம் ஊர் நூலகங்களில் பார்த்த டியூவி எண் (பொருள்வாரியாகப் புத்தகத்துக்குப் போடும் எண்) இருக்காது. லைப்ரரி ஆஃப் காங்கிரஸ் முறை இருக்கும். கணினி மொழிகள் எல்லாம் க்யூஏ 76.73 என்ற எண்ணின் கீழ் வரும். அதற்கு அடுத்த வரியில் மொழிக்கு ஒரு குறி: பிஹெச்பிக்கு பி224, பைத்தானுக்கு பி98. இப்போது இந்த இரண்டில் எது முதலில் வரும்? 98தானே சின்னது என்று பைத்தானை முன்னால் வைத்தீர்கள் என்றால் தப்பு. அந்த இரண்டாம் வரியைத் தசமமாகப் படிக்க வேண்டும். 0.224, 0.98. பிஹெச்பிதான் முதலில். முதல் வரியில் இருக்கும் 76ஐ முழு எண்ணாகப் படித்துவிட்டு, அடுத்த வரியைத் தசமமாகப் படிக்க மூளை ஒரு வாரம் மறுக்கும். புதிதாக வருகிறவர்களுக்கு நான் ஒரு தள்ளுவண்டியில் முப்பது புத்தகம் கலைத்துக் கொடுத்து வரிசைப்படுத்தச் சொல்வேன். பொறியியல் மாணவர்கள்தான் வேகமாக முடிப்பார்கள், அவர்கள்தான் அதிகம் தப்பும் செய்வார்கள்.

தப்பாக வைத்த புத்தகம் தொலைந்த புத்தகத்துக்குச் சமம். கணினி ‘இருக்கிறது’ என்று சொல்லும், அலமாரியில் இருக்காது. நான் வேலைக்குச் சேர்ந்த முதல் மாதம் ஒரு புத்தகத்தை ஒரே ஒரு தட்டு தள்ளி வைத்துவிட்டேன். ஆராய்ச்சி மாணவர் ஒருவர் மூன்று முறை வந்து கேட்டுவிட்டுப் போனார். நானே அவரோடு போய்த் தேடினேன், நான் வைத்தது என்று தெரியாமலேயே. செமஸ்டர் முடிவில் அலமாரியை வரிசை சரிபார்க்கும்போதுதான் கிடைத்தது, முழங்கால் உயரத்தில்.

மற்ற வேலைகள்: புத்தகம் போடும் பெட்டியைக் காலி செய்வது, செக் அவுட், லேப்டாப் சார்ஜர் கடன் கொடுப்பது, பிரிண்டரில் சிக்கிய காகிதத்தை இழுப்பது. மேசையில் அதிகம் கேட்கப்படும் கேள்வி எந்தப் புத்தகத்தைப் பற்றியும் இருக்காது. கழிவறை எங்கே என்பதுதான்.

டெஸ்க்கில் உட்கார்ந்து படிக்க விடுவார்களா?

இரவு பத்து மணிக்கு மேல், வேலை எதுவும் மிச்சமில்லாதபோது, பெரும்பாலும் விடுவார்கள். காதில் ஹெட்ஃபோன் மட்டும் கூடாது. தேர்வு வாரத்தில் அந்த ஆசையே வேண்டாம், அப்போதுதான் கூட்டம்.

சம்பள ரசீதில் சோஷியல் செக்யூரிட்டி, மெடிக்கேர் என்று பிடித்திருக்கிறார்கள். எஸ்.எஸ்.என். (சோஷியல் செக்யூரிட்டி எண்) கார்டு வந்தே இரண்டு வாரம்தான் ஆகிறது. இது சரியா? (நாகர்கோவில், இப்போது ஒஹையோ)

சரியில்லை. எஃப்-1இல் வந்த முதல் ஐந்து காலண்டர் வருஷங்கள் வரை நீங்கள் வரிக் கணக்கில் பொதுவாக ‘நான்-ரெசிடென்ட்’, அதாவது இங்கே குடியிருப்பவராகக் கணக்கில் வராதவர். ஓய்வூதியத்துக்கும் முதியோர் மருத்துவத்துக்கும் என்று பிடிக்கும் இந்த இரண்டையும் உங்கள் வளாக வேலைக்குப் பிடிக்கக் கூடாது. இரண்டும் சேர்ந்து 7.65 சதவீதம். முன்னால் போட்ட 2,700 டாலர் கணக்கில் 200 டாலருக்கு மேல், ஒரு மாத மளிகை. சம்பளப் பிரிவுக்கு உங்கள் விசா விவரத்தோடு ஒரு மின்னஞ்சல் போடுங்கள். சேரும்போது விவரத்தை யாரோ தப்பாக ஏற்றியிருப்பார்கள், சொன்னால் திருப்பிவிடுவார்கள். மறுத்தால் வருமான வரித் துறையிடமே 843ஆம் படிவம் போட்டுக் கேட்கலாம்.

வருமான வரி வேறு. அதைப் பிடிப்பார்கள், அது முறைதான். ஆனால் இந்தியாவிலிருந்து வந்த மாணவர்களுக்கு ஒரு சலுகை இருக்கிறது. இரு நாட்டு வரி ஒப்பந்தத்தின் 21ஆம் பிரிவுப்படி, மற்ற நான்-ரெசிடென்ட்களுக்குக் கிடைக்காத ‘ஸ்டாண்டர்ட் டிடக்ஷன்’ (வரி போடும் முன் வருமானத்தில் கழித்துக்கொள்ளும் நிலையான தொகை) உங்களுக்கு உண்டு. (இலங்கையிலிருந்து வந்திருப்பவர்களுக்கு இது இல்லை.) நூலகச் சம்பளம் மட்டும் வாங்குகிறவருக்குப் பிடித்த மத்திய அரசு வரி அநேகமாக முழுவதும் திரும்பி வரும், 1040-என்ஆர் படிவம் போட்டால். அமெரிக்கர்கள் போடும் சாதாரண 1040ஐ ரூம்மேட் சொன்னார் என்று போட்டுவிடாதீர்கள். வேலையே பார்க்காதவர்களும் 8843 என்ற படிவத்தை அனுப்ப வேண்டும், இதை நிறையப் பேர் மறந்துவிடுகிறார்கள்.

நான் டெஸ்க்கில் இருக்கும்போது எங்கள் பேராசிரியரே வந்து, ‘இந்தப் புத்தகத்தை யார் எடுத்திருக்கிறார்கள், பார்த்துச் சொல்’ என்றார். சொல்லிவிட்டேன். சூப்பர்வைசர் கூப்பிட்டுக் கண்டித்தார். பேராசிரியரிடம் எப்படி மறுப்பது?

கண்டித்ததோடு விட்டாரே என்று சந்தோஷப்படுங்கள். யார் எந்தப் புத்தகம் எடுத்தார் என்பதை வெளியே சொல்லக் கூடாது. அமெரிக்காவில் பெரும்பாலான மாநிலங்களில் நூலகப் பதிவுகளைக் காக்கவே தனிச் சட்டம் இருக்கிறது. பேராசிரியர், ரூம்மேட், பெற்றோர் யார் கேட்டாலும் இதேதான். போலீஸே வந்தாலும் நீங்கள் வாயைத் திறக்காமல் மேலாளரைக் கூப்பிட வேண்டும். நம் ஊரில் வாத்தியார் கேட்டு இல்லை என்று சொல்லிப் பழக்கமில்லை, தெரியும். ‘திரும்பக் கேட்டு அறிவிப்பு அனுப்பிவிடுகிறேன் சார், வந்ததும் உங்களுக்குத் தகவல் வரும்’ என்று சொல்லிப் பாருங்கள். அவருக்கு வேண்டியது புத்தகம், ஆளின் பெயர் இல்லை.

எனக்குத் தமிழ் நன்றாக எழுதப் படிக்கத் தெரியும். நூலக வேலையில் அதற்கு ஏதாவது மதிப்பு இருக்கிறதா? (தஞ்சாவூர்)

கடைசியாக வைத்திருக்கிறேன், எனக்குப் பிடித்த கேள்வி என்பதால். எல்லா நூலகத்திலும் இல்லை. தெற்காசியத் தொகுப்பு இருக்கும் இடங்களில் நிச்சயம் உண்டு. சிகாகோ, பெர்க்லி, பென்சில்வேனியா பல்கலைக்கழகங்களில் தமிழ்ப் புத்தகங்கள் தட்டுத் தட்டாக இருக்கின்றன. அவை எப்படி அங்கே போயின என்று தாத்தா பாட்டியிடம் சொன்னால் ஆச்சரியப்படுவார்கள். ரேஷனில் வாங்கிய பி.எல். 480 கோதுமை அவர்களுக்கு நினைவிருக்கும். அமெரிக்கா அனுப்பிய அந்தக் கோதுமைக்கு இந்தியா ரூபாயாகவே பணம் கட்டியது. அந்த ரூபாயில் ஒரு பகுதியை வைத்து 1962 முதல் இந்திய மொழிகளில் அச்சான புத்தகங்களை வாங்கி அமெரிக்க நூலகங்களுக்கு அனுப்பினார்கள்.

அலமாரியில் தமிழ் இலக்கியம் பிஎல் 4758க்குப் பக்கத்தில் இருக்கும். இந்தியும் சமஸ்கிருதமும் பிகே வரிசையில் வேறு இடத்தில். தமிழ் இருக்கும் அதே பிஎல் வரிசையில்தான் ஜப்பானியமும் சீனமும் கொரியமும். முதல் முறை பார்த்தபோது சிரித்துவிட்டேன்.

தமிழ் தெரிந்தவருக்குக் கொடுக்கும் வேலை பெரும்பாலும் அட்டவணைப் பிரிவில் இருக்கும். தலைப்பை ரோமன் எழுத்தில் ஏற்ற வேண்டும், அதுவும் ஒலியைப் பார்க்காமல் எழுத்தைப் பார்த்து. ‘பக்தி’யை ‘பஸ்’ தொடங்கும் ஆங்கில எழுத்தில் தேடினால் கிடைக்காது, ‘பள்ளி’யைப் போலவே ‘பேப்பர்’ தொடங்கும் ஆங்கில எழுத்தில்தான் வைத்திருப்பார்கள். சங்கம் ‘எஸ்’இல் இருக்காது, ‘சி’யில் இருக்கும். ளகரத்துக்கு எழுத்தின் கீழே புள்ளி, ழகரத்துக்குக் கோடு. இந்த இரண்டையும் மாற்றிப் போட்டால் அந்தப் புத்தகம் தேடுகிறவர் கண்ணில் படாமலே போகலாம்.

சிகாகோவில் சேர்ந்திருக்கிறீர்கள் என்றால் இன்னொரு தொடர்பும் உண்டு. கோட்டையூர் ரோஜா முத்தையா சேர்த்த புத்தகங்களைக் காப்பாற்றி 1994இல் சென்னையில் நூலகமாக ஆக்கியதில் அந்தப் பல்கலைக்கழகத்துக்குப் பெரிய பங்கு. நேர்காணலில் தெற்காசிய நூலகர் இருந்தால் இதைப் பேச்சில் கொண்டுவாருங்கள். அப்புறம், ஞாயிறு காலையும் வருவேன் என்பதைச் சொல்ல மறந்துவிடாதீர்கள்.