தொடக்கத்தில் ஏற்றிய தரவை எல்லா கிளாஸ்களுக்கும் பொதுவாக்குவது எப்படி?

டாம்கேட் என்ற வலைச் சேவையகத்தில் ஓடும் ஜாவா செயலி தொடங்கும்போதே அஞ்சல் குறியீட்டுப் பட்டியலைத் தரவுத்தளத்திலிருந்து படித்து, எல்லா கிளாஸ்களுக்கும் பொதுவாக வைப்பது எப்படி என்று கேட்டிருக்கிறீர்கள். செயலி தொடங்குவதைக் கவனிக்கும் சர்வ்லெட் கான்டெக்ஸ்ட் லிசனர் (ServletContextListener) என்ற இன்டர்ஃபேஸைச் செயல்படுத்தும் ஒரு கிளாஸை எழுதி, முதல் கோரிக்கை வரும் முன்பே கன்டெய்னர் (இங்கே டாம்கேட்) அழைக்கும் அதன் தொடக்க மெத்தடில் பட்டியலைப் படித்து, செயலி முழுவதற்கும் பொதுவான சர்வ்லெட் கான்டெக்ஸ்டில் ஓர் ஆட்ரிபியூட்டாக, அதாவது பெயரிட்ட மதிப்பாக, வைத்துவிடுங்கள். கோரிக்கைகளைக் கையாளும் கிளாஸ்களான சர்வ்லெட்டுகள் அதை நேரடியாக எடுத்துக்கொள்ளும். பிற கிளாஸ்களுக்குக் கன்ஸ்ட்ரக்டர் வழியாகக் கொடுக்கலாம். ஸ்டேடிக் மாறியும் (கிளாஸுக்கே சொந்தமான பொது மாறி) வேலை செய்யும்தான், ஆனால் சோதனை எழுதும்போது அது தொல்லை தருவதால் நான் தவிர்ப்பேன்.

பட்டியலை மேப்பாக (ஒவ்வொரு குறியீட்டுக்கும் அதற்குரிய மதிப்பை இணைத்து) வைத்தால், ஒரே நேரத்தில் ஓடும் பல த்ரெட்டுகள் அதைப் படிக்கும் என்பதால், ஜாவா 10-இல் வந்த காப்பிஆஃப் (Map.copyOf) மெத்தடால் மாற்ற முடியாத பிரதியாக்கி வையுங்கள் (ஒரேயொரு வெற்று (null) மதிப்பு இருந்தாலும் அது பிழை எறியும்). தரவு பின்னர் மாறினால், பழைய மேப்பைத் தொடாமல், புதியதை முழுதாகக் கட்டி அதே பெயரில் வைத்துவிடுங்கள்.