தோழி எழுதிய கலைக்களஞ்சியக் கட்டுரைக்கு மதிப்புரை தருவது எப்படி?

கேள்வி: முதுகலை நுண்ணுயிரியல் படிக்கிறேன். வகுப்புத் தோழி ஒருவர் புரோகுளோரோகாக்கஸ் என்ற கடல் பாக்டீரியாவைப் பற்றித் தமிழ் விக்கிப்பீடியாவுக்காக மணல்தொட்டியில் (பயிற்சிக்கான வரைவுப் பக்கம்) கட்டுரை எழுதியிருக்கிறார். அதை நான் மதிப்பிட வேண்டும். ‘நன்றாக இருக்கிறது, சில எழுத்துப்பிழைகள் உண்டு’ என்பதற்கு மேல் என்ன எழுதுவது?

பதில்: எழுத்துப்பிழைகளைக் கடைசிக்குத் தள்ளுங்கள். அவற்றை வேறு யாராவது என்றைக்காவது திருத்திவிடுவார்கள். பாடம் படித்தவர் மட்டுமே பிடிக்கக்கூடிய பிழைகள்தான் உங்கள் பொறுப்பு. இரண்டு மணி நேரம் ஒதுக்க முடிந்தால் ஒன்றரை மணி நேரத்தை எண்களுக்கும் மேற்கோள்களுக்கும் கொடுங்கள்.

முதல் வாசிப்பில் எதையும் திருத்தாமல் முழுவதும் படித்து, கட்டுரை எந்தெந்தக் கூற்றுகளைத் தூணாக வைத்து நிற்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். இந்த உயிரிக்கு அவை ஏறக்குறைய நிச்சயம்: செல்லின் அளவு, கடலில் எவ்வளவு இருக்கிறது, எங்கே வாழ்கிறது, மரபணுத்தொகுதி எவ்வளவு, ஆக்சிஜனில் இதன் பங்கு என்ன. இந்த ஐந்தும் சரியென்றால் கட்டுரை பெரும்பாலும் தேறிவிடும்.

ஆக்சிஜனில் தொடங்குங்கள், அங்கேதான் பலர் சறுக்குகிறார்கள். ‘நாம் சுவாசிக்கும் ஆக்சிஜனில் 20 சதவீதம் இதிலிருந்து வருகிறது’ என்ற வரி இணையம் முழுக்கச் சுற்றுகிறது. அது கட்டுரையில் இருந்தால் ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பாருங்கள். 2013-இல் வெளியான உலகளாவிய மதிப்பீட்டின்படி இந்தப் பேரினம் ஆண்டுக்கு நிலைப்படுத்தும் கார்பன் சுமார் 4 கிகாடன் (ஒரு கிகாடன் என்பது நூறு கோடி டன்). கடல், நிலம் இரண்டையும் சேர்த்து உலகின் நிகர முதல்நிலை உற்பத்தி (ஒளிச்சேர்க்கையில் நிலைப்பட்டு, உயிரிகளின் சொந்தச் சுவாசம் போக எஞ்சும் கார்பன்) ஆண்டுக்குச் சுமார் 105 கிகாடன் கார்பன். ஒளிச்சேர்க்கையில் ஆக்சிஜன் வெளிவருவது ஏறத்தாழ கார்பன் நிலைப்படுவதற்கு ஈடாகத்தான். அப்படியானால் பங்கு 4 சதவீதத்தைத் தொடுவதே கடினம். கடலை மட்டும் எடுத்தாலும் 8 சதவீதத்தை ஒட்டித்தான் வருகிறது. 20 எங்கிருந்து வந்தது? அது தவிர, கடலில் உண்டாகும் ஆக்சிஜனில் பெரும்பகுதி அங்கேயே சுவாசத்திலும் சிதைவிலும் செலவாகிவிடுகிறது. காற்றில் இருப்பது நெடுங்காலம் சேர்ந்த இருப்பு. ஆண்டு உற்பத்தியை அதோடு சேர்த்துக் குழப்பக்கூடாது. ‘இந்த வரியை நீக்கிவிட்டு, கார்பன் அளவை ஆண்டு குறிப்பிட்டு, மேற்கோளுடன் எழுதலாம்’ என்று பரிந்துரையுங்கள்.

அடுத்தது அலகு. வெப்பக் கடல்களில் இதன் அடர்த்தி மில்லிலிட்டருக்கு ஒரு லட்சம் செல் என்ற அளவுக்குப் போகும். தமிழில் எழுதும்போது அது ‘லிட்டருக்கு ஒரு லட்சம்’ ஆகிவிடுவது வழக்கம். உண்மையில் லிட்டருக்குப் பத்துக் கோடி. 4 கிகாடன் என்பது 400 கோடி டன், 40 கோடி அல்ல. பில்லியனைக் கோடியாக்கும் ஒவ்வோர் இடத்திலும் பென்சிலால் சுழியமிட்டு எண்ணிப் பாருங்கள்.

மரபணுத்தொகுதியைப் பற்றிய பகுதியில் பேரினத்தையும் வளர்ப்பு வகையையும் ஒன்றாக்கிவிடும் பிழையைத் தேடுங்கள். எம்இடி4 என்ற வகையின் மரபணுத்தொகுதி 1.66 மெகாகார இணைகள், அதாவது 16.6 லட்சம் டிஎன்ஏ கார இணைகள். எம்ஐடி9313-இன் அளவு 2.41. முதலாவது மிகுந்த ஒளிக்குப் பழகியது, இரண்டாவது ஆழத்தின் மங்கிய ஒளிக்கு. ‘புரோகுளோரோகாக்கஸின் மரபணுத்தொகுதி 1.66’ என்று பொதுவாக எழுதினால் தவறு. எந்த வகை என்று கேளுங்கள்.

‘மிகச் சிறியது’, ‘மிக அதிகம்’ போன்ற சொற்களுக்கு எப்போதும் எல்லை வேண்டும். 0.5 முதல் 0.7 மைக்ரோமீட்டர் வரையுள்ள இது, அறியப்பட்ட ஒளிச்சேர்க்கை உயிரிகளில் மிகச் சிறியது. பாக்டீரியாக்கள் எல்லாவற்றிலும் அல்ல. 2002-இல் தனியாக வளர்த்தெடுக்கப்பட்ட பெலாஜிபாக்டர் என்ற கடல் பாக்டீரியா இதைவிடச் சிறியது, மரபணுத்தொகுதியும் 1.31 மெகாகார இணைகள்தான். செல்லின் உள்ளே பசுங்கணிகம் (தாவரச் செல்லில் ஒளிச்சேர்க்கை நடக்கும் உறுப்பு) இருப்பதாக எழுதியிருந்தாலும் அடித்துவிடச் சொல்லுங்கள். ஒளிச்சேர்க்கை நடக்கும் தைலகாய்டு சவ்வுகள் உண்டு, பசுங்கணிகம் கிடையாது.

மேற்கோள்களில் எல்லாவற்றையும் திறக்க நேரம் இருக்காது. நான்கைத் திறந்தால் போதும், ஆனால் அந்த நான்கையும் உள்ளே போய்ப் படியுங்கள். சாலி சிஷோமும் அவருடைய சகாக்களும் 1988-இல் நேச்சர் இதழில் எழுதிய கட்டுரை கண்டுபிடிப்புக்கு ஆதாரமாகும். பெயர் 1992-இல்தான் வந்தது, அதற்கு வேறு மேற்கோள் வேண்டும். இன்றைய பரவலுக்கும் சூழலியலுக்கும் அண்மைய திறனாய்வுக் கட்டுரைகளைக் கேளுங்கள். ஆங்கிலக் கட்டுரையிலிருந்து மொழிபெயர்த்திருந்தால் அது குற்றமில்லை, ஆனால் தொகுப்புச் சுருக்கத்தில் (சேமிக்கும்போது எழுதும் சிறுகுறிப்பு) மூலத்தைக் குறிப்பிட வேண்டும். மேற்கோள்களைப் படிக்காமல் அப்படியே பெயர்த்து வைத்திருக்கிறாரா என்று பார்க்க எளிய வழி: நீங்கள் திறந்த கட்டுரையில் அந்த எண் இருக்கிறதா?

இருப்பதைத் திருத்துவதைப் போலவே, இல்லாததைச் சுட்டுவதும் மதிப்புரைதான். இந்த உயிரிக்கு ஹைட்ரஜன் பெராக்சைடைச் சிதைக்கும் கேட்டலேஸ் நொதி இல்லை. வெயிலில் கடல்நீரில் உண்டாகும் பெராக்சைடை அகற்றச் சுற்றியுள்ள பிற பாக்டீரியாக்கள் தேவைப்படுகின்றன. ஆய்வகத்தில் தூய வளர்ப்பாக வைத்திருப்பது சிரமமாக இருப்பதற்கு இது ஒரு முக்கியக் காரணம். ‘வளர்ப்பு’ என்ற பகுதி இருந்து இந்தச் செய்தி இல்லையென்றால் பெரிய குறை. இதைத் தாக்கும் சயனோபேஜ் வைரஸ்கள் விடுபட்டிருந்தால் அது இரண்டாம் பட்சம்.

கருத்துகளை மணல்தொட்டிக்குள் எழுதாமல் அதன் உரையாடல் பக்கத்தில் எழுதி, நான்கு அலைக்கோடுகளால் (~~~~) கையொப்பமிடுங்கள். ஒவ்வொரு கருத்திலும் இடம், பிழை, காரணம், மாற்று ஆகிய நான்கும் இருக்கட்டும். உதாரணமாக: ‘பரவல் பகுதி, இரண்டாம் வரி: எல்லாக் கடல்களிலும் வாழ்கிறது என்று இருக்கிறது. பெரும்பாலும் வடக்கு 40 பாகைக்கும் தெற்கு 40 பாகைக்கும் இடைப்பட்ட கடல்களில்தான் செழிக்கிறது. குளிர்ந்த துருவ நீரில் அரிது. பாகைகளைச் சேர்த்து, ஆழம் சுமார் 200 மீட்டர் வரை என்றும் குறிப்பிடலாம்.’ இப்படி ஐந்தாறு போதும். இருபது குறிப்புகள் கொடுத்தால் அவர் எழுத்துப்பிழைகளை மட்டும் திருத்திவிட்டு நிறுத்திவிடுவார்.

நன்றாக வந்த பகுதியையும் பெயர் சொல்லிப் பாராட்டுங்கள். ஒளிக்கேற்பப் பிரிந்த வகைகளை அவர் தெளிவாக விளக்கியிருந்தால், ‘இதே அளவு விவரம் வளர்ப்புப் பகுதிக்கும் வேண்டும்’ என்று சொல்வது வெறும் ‘அருமை’யைவிட அவருக்கு உதவும். நீங்கள் சொன்ன ஒன்றை அவர் ஏற்காவிட்டால் வாதாடாமல் ஆதாரக் கட்டுரையைக் கொடுங்கள், அவரிடமும் கேளுங்கள்.

கடைசியாகப் படங்கள். ஆய்விதழில் வந்த மின்னணு நுண்ணோக்கிப் படத்தை வெட்டி ஒட்டியிருந்தால் உரிமத்தைப் பாருங்கள். வணிகப் பயன்பாட்டையோ மாற்றங்களையோ தடுக்கும் உரிமம் என்றால் விக்கிமீடியா பொதுவகத்தில் (விக்கிப்பீடியாவின் படக் களஞ்சியம்) அந்தப் படம் நிற்காது.